ஒரு குத்துக்கு முன்னும் பின்னும்

"அந்தத் தம்பிக்குக் கைராசி. ஒரே குத்துல எடுத்துடுவார்." லேபில் வேலை பார்ப்பவருக்கு நோயாளிகள் கொடுக்கும் பெரிய பட்டம் இதுதான். அதற்காகச் சிலர் தேடிவந்து காத்திருப்பதும் உண்டு. தப்பில்லை, வலி குறைவதை யார்தான் விரும்ப மாட்டார்கள்? ஆனால் இந்தத் தொழிலில் சீக்கிரம் கைவந்துவிடும் திறமை அந்தக் குத்துதான். தினமும் எடுத்தால் சில மாதங்களில் விரல் தானாகவே நாளத்தைக் கண்டுபிடித்துவிடும். பரிசோதனை முடிவு கெட்டுப்போவது பெரும்பாலும் குத்துக்கு முந்தைய ஒரு நிமிடத்திலும் பிந்தைய இரண்டு நிமிடத்திலும். ஆய்வகத் தவறுகளில் பாதிக்கு மேல் மாதிரி இயந்திரத்துக்குள் போவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன என்பதில் இந்தத் துறையில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பல லட்சம் போட்டு வாங்கிய அனலைசர், தப்பான குழாயில் வந்த ரத்தத்தையும் இரண்டு தசம இடத்துக்குத் துல்லியமாக அளந்து கொடுத்துவிடும்.

டிஎம்எல்டி என்ற லேப் டிப்ளமோ முடித்துப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கும், வார்டில் ரத்தம் எடுக்கும் நர்சிங் மாணவிகளுக்கும் எழுதிய பட்டியல் இது. கையை நீட்டி உட்காருபவர்களும் படிக்கலாம். எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்த நோயாளி முன்னால் இருந்தால் எங்களுக்கும் ஒழுங்கு வரும்.

ஆளைச் சரிபார்த்தல்

செய்ய வேண்டியவை

• பெயரை நோயாளியின் வாயாலேயே சொல்ல வையுங்கள். "உங்க பேர் என்னங்கம்மா? வயசு?" என்று கேளுங்கள். "நீங்க லட்சுமிதானே?" என்று கேட்காதீர்கள். காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு, அரைத் தூக்கத்தில், காதும் சற்று மந்தமாக உட்கார்ந்திருக்கும் பாட்டி எதற்கும் "ஆமாங்க" என்றுதான் சொல்வார்.

• பெயரோடு இன்னொரு அடையாளத்தையும் பாருங்கள்: ஓபி எண், பிறந்த தேதி, கையில் கட்டிய பட்டை, ஏதாவது ஒன்று. நம் ஊரில் இது இரட்டிப்பு அவசியம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். கல்யாணத்துக்கு முன்பு அப்பாவின் இனிஷியல், அப்புறம் கணவரின் இனிஷியல் என்று ஒரே பெண்ணுக்கு ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டு பதிவு இருக்கும். மறுபக்கம், பிரசவ வார்டில் 'எஸ். செல்வி' இரண்டு பேர் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருப்பார்கள்.

• குழாயில் பெயர் எழுதுவதோ ஸ்டிக்கர் ஒட்டுவதோ ரத்தம் எடுத்து முடித்த கையோடு, நோயாளியின் பக்கத்தில் நின்றபடியே நடக்க வேண்டும். எடுத்த நேரமும் எடுத்தவரின் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். ஒட்டியதை ஒரு தடவை நோயாளியிடமே காட்டிவிடுங்கள். அதற்கு ஆகும் நேரம் மூன்று விநாடி.

செய்யக்கூடாதவை

• கூட்டம் அதிகம் என்று நாலு பேருடைய குழாய்களுக்கும் முன்கூட்டியே பெயர் எழுதி அடுக்கி வைக்காதீர்கள். மூன்றாவது ஆள் பாத்ரூம் போயிருப்பார், நாலாமவர் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்திருப்பார்.

• எழுதாத குழாயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மேசைக்கு நடக்காதீர்கள். சர்க்கரை முடிவு மாறிப்போனால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ரத்தம் ஏற்றும் முன் பொருத்தம் பார்க்கும் கிராஸ் மேட்ச் மாதிரி மாறினால் ஓ வகை ரத்தம் உள்ளவருக்கு ஏ வகை ஏறும். ரத்த வகைகளை கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் 1901-இல் கண்டறிந்து வெளியிட்டார். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் வகை மாறி ரத்தம் ஏறுவதற்கு முதல் காரணமாக இருப்பது ஆள் மாறாட்டம். இதனால்தான் பல ரத்த வங்கிகள் முதல் தடவை வருபவருக்கு, தனித்தனி நேரத்தில் எடுத்த இரண்டு மாதிரிகளைக் கேட்கின்றன. வார்டில் இருப்பவர்கள் இதை ஏதோ கெடுபிடி என்று நினைத்து, ஒரே குத்தில் இரண்டு குழாய் எடுத்து, ஒன்றைப் பத்து நிமிடம் கழித்து அனுப்புவார்கள். தடுப்பு ஏற்பாட்டையே அர்த்தமில்லாமல் ஆக்கும் வேலை அது.

• "ஹெச்ஐவி டெஸ்ட் யாருக்கு?" என்று வராந்தாவைப் பார்த்துக் குரல் கொடுக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டின் ஹெச்ஐவி, எய்ட்ஸ் சட்டப்படி அந்தப் பரிசோதனைக்கு நோயாளியின் சம்மதம் வேண்டும், ரகசியமும் காக்கப்பட வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் அது அநாகரிகம்தான்.

கை கழுவுதல், கையுறை, பஞ்சு

• ஒவ்வொரு நோயாளிக்கு முன்பும் பின்பும் கையைச் சுத்தம் செய்யுங்கள். ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி. சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. கையில் ரத்தமோ அழுக்கோ கண்ணுக்குத் தெரிந்தால் சோப்பும் தண்ணீரும்தான்.

• ஆளுக்கு ஒரு ஜோடி கையுறை. கையுறைக்கு மேலேயே சானிடைசர் தடவிக்கொண்டு அடுத்த ஆளுக்குப் போவதை கொரோனா காலத்தில் நிறையப் பார்த்தோம். அந்தக் காலம் போய்விட்டது, பழக்கம் மட்டும் சில இடங்களில் போகவில்லை.

• கையுறையின் ஆள்காட்டி விரல் நுனியைக் கிழிக்காதீர்கள். "தொட்டுப் பார்த்தாத்தான் வெயின் தெரியும்" என்று சொல்லி இதைச் செய்யாத லேப் இல்லை. ரத்தம் படக்கூடிய விரல் அந்த ஒன்றுதான், அதைத்தான் வெளியே விடுகிறோம். கையுறை போடுவதற்கு முன்பே தொட்டுப் பார்த்து இடத்தை முடிவு செய்துகொள்ளலாம். சரியான அளவுக் கையுறை போட்டால் அதன் வழியாகவும் நாளம் தெரியும். ஆறரை அளவுக் கைக்கு எட்டு அளவு கையுறையை மாட்டினால் எதுவும் தெரியாதுதான்.

• எவர்சில்வர் டப்பாவில் ஸ்பிரிட் ஊற்றிப் பஞ்சு உருண்டைகளைக் காலையிலேயே ஊறப்போட்டு வைப்பதை நிறுத்துங்கள். நாள் முழுக்கப் பல கைகள் அதற்குள் போகின்றன. டப்பா திறந்து திறந்து ஆல்கஹால் ஆவியாகிப்போய், மாலையில் எஞ்சுவது ஈரப் பஞ்சு மட்டும். அதில் கிருமி வளரவும் செய்யும். உலக சுகாதார நிறுவனம் இதைச் செய்யவே கூடாது என்கிறது. ஒற்றை உபயோக ஸ்வாப் வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்றால், காய்ந்த சுத்தமான பஞ்சை எடுத்து அந்தந்த நேரத்தில் ஸ்பிரிட் விட்டு நனைத்துக்கொள்ளுங்கள்.

• 70 சதவீத ஆல்கஹாலால் சுமார் 30 விநாடி அழுத்தித் துடையுங்கள். பிறகு அதைத் தானாக உலர விடுங்கள், அதற்கும் சுமார் 30 விநாடி ஆகும். கிருமியைக் கொல்வது துடைப்பு மட்டும் இல்லை, உலரும் நேரமும் சேர்ந்துதான். ஈரத்தோடு குத்தினால் நோயாளிக்குச் சுரீர் என்று எரியும். ஸ்பிரிட் ரத்தத்தோடு கலந்தால் சிவப்பணு உடையும். வாயால் ஊதி உலர்த்தாதீர்கள். ஃபேன் பக்கம் கையைக் காட்டச் சொல்லாதீர்கள். துடைத்த இடத்தை "எதுக்கும் ஒரு தடவை" என்று மறுபடி தொடாதீர்கள். தொட்டுவிட்டால் திரும்பத் துடைக்க வேண்டியதுதான்.

• காவல்துறை கேட்டு மது அளவு பார்க்க எடுக்கும் ரத்தத்துக்கு ஸ்பிரிட் பஞ்சு கூடாது. ஆல்கஹால் இல்லாத கிருமிநாசினிதான் பயன்படுத்த வேண்டும்.

• ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்து "ஸ்ட்ராங்காத்தான் இருக்கு" என்று சொல்லாதீர்கள். தேதி எழுதி வையுங்கள்.

கட்டு

ரப்பர் பட்டை கட்டுவதைப் பற்றித் தனியாகவே ஒரு தலைப்பு போடலாம் என்று தோன்றுகிறது. சின்ன வேலை, ஆனால் இங்கே நடக்கும் தப்பு யார் கண்ணிலும் படாது.

குத்தும் இடத்துக்கு நாலைந்து விரற்கடை மேலே கட்டுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டு இருக்கக் கூடாது. ரத்தம் வரத் தொடங்கியதும் தளர்த்துங்கள், ஊசியை எடுப்பதற்கு முன் கட்டாயம் அவிழ்த்துவிடுங்கள். கட்டை வைத்துக்கொண்டே ஊசியை உருவினால் அந்த இடம் வீங்கிக் கறுக்கும். கட்டு நேரம் நீண்டால் நாளத்திலிருந்து நீர் வெளியேறி, உள்ளே புரதம், கால்சியம், கொழுப்பு, ரத்த அணுக்கள் எல்லாம் அடர்த்தியாகிவிடும். ஆளுக்கு ஒன்றுமில்லை, எண் மட்டும் ஏறும். நாளம் தேடுவதற்காகக் கட்டினீர்கள், நேரமாகிவிட்டது என்றால் அவிழ்த்துவிட்டு இரண்டு நிமிடம் பொறுத்து மறுபடி கட்டுங்கள்.

"கையை நல்லா மூடி மூடித் திறங்க" என்று நோயாளியிடம் சொல்லும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தசை வேலை செய்தால் பொட்டாசியம் வெளியே வரும். சிறுநீரக நோயாளிக்கு 5.0 இருந்தது 5.8 என்று வந்தால் டாக்டர் மருந்தை மாற்றுவார். ஒரு தடவை மெதுவாகக் கையை மூடினால் போதும். நாளம் எழும்பவில்லை என்றால் கையைத் தொங்கப்போடச் சொல்லுங்கள், வெதுவெதுப்பான துணியை வையுங்கள், ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வையுங்கள். பளார் பளாரென்று அடிக்காதீர்கள்.

பழைய கையுறையைக் கிழித்துக் கட்டுவதும், ரத்தக் கறை படிந்த பட்டையை மாதக்கணக்கில் வைத்திருப்பதும் கூடாது. கழுவித் துடைக்க முடியாத பட்டையைத் தூக்கிப் போடுங்கள். தனிமை வார்டில் இருப்பவருக்குப் பயன்படுத்தியது அவருக்கு மட்டும்.

குத்தும்போது

செய்ய வேண்டியவை

• முழங்கை மடிப்பின் நடுவில் ஓடும் நாளத்தை முதலில் பாருங்கள். அது பெரியது, நகராது, வலியும் குறைவு. அது கிடைக்காவிட்டால் கட்டைவிரல் பக்கம் ஓடுவது. உடம்பை ஒட்டிய உள்பக்க நாளம் கடைசித் தேர்வாக இருக்கட்டும், அதற்கு அடியில்தான் தமனியும் ஒரு பெரிய நரம்பும் இருக்கின்றன.

• பெரியவர்களுக்குப் பச்சை நிற அடியுள்ள 21 கேஜ் ஊசி. மெல்லிய நாளத்துக்கு 22 அல்லது 23. ஊசியின் சரிவான வாய் மேலே பார்க்க, தோலுக்கு 30 பாகைக்கு மிகாமல் சாய்த்து நுழையுங்கள். குத்தும் இடத்துக்குக் கீழே தோலைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்தால் வயதானவர்களின் நாளம் வழுக்கி ஓடாது.

• கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார வைத்தோ படுக்க வைத்தோ எடுங்கள். "முன்னாடி ரத்தம் எடுக்கும்போது மயக்கம் வந்திருக்கா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் படுக்க வைத்துவிடுங்கள். மயக்கம் போடுபவர்களில் கட்டுமஸ்தான இளைஞர்களும் உண்டு, வெட்கத்தில் சொல்லமாட்டார்கள். முகம் வெளுத்து, மேலுதட்டில் வியர்வை பொடித்து, கொட்டாவி விட்டால் ஊசியை எடுத்துவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

• "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களா?" என்பதையும் கேளுங்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் எடுப்பவர்களுக்குப் பின்னால் அழுத்தும் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

செய்யக்கூடாதவை

• டயாலிசிஸுக்காக நாளத்தையும் தமனியையும் இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையைத் தொடாதீர்கள். எவ்வளவு புடைத்துக்கொண்டு நாளம் தெரிந்தாலும் சரி, நீங்கள் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் சரி. அந்த மனிதர் உயிரோடு இருப்பதற்கான வழி அது.

• மார்பக அறுவை சிகிச்சை செய்த பக்கத்துக் கையில் எடுக்காதீர்கள். தழும்பு, தீக்காயம், ஏற்கெனவே கன்றிப்போன இடம் இவற்றிலும் கூடாது.

• குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும் கையில் எடுக்காதீர்கள். மறு கையில் எடுங்கள். சர்க்கரை 700, சோடியம் 110 என்று வந்தால் அது பெரும்பாலும் நோயாளியின் ரத்தம் இல்லை, பாட்டிலில் தொங்கிய திரவம்.

• உள்ளே போன ஊசியை இப்படியும் அப்படியும் திருப்பித் துழாவாதீர்கள். மின்சாரம் அடித்தது போல விரல் வரைக்கும் வலி ஓடுகிறது என்று நோயாளி சொன்னால் நரம்பு பட்டிருக்கிறது. அந்த விநாடியே ஊசியை வெளியே எடுங்கள். பளிச்சென்ற சிவப்பில் துடித்துத் துடித்து வந்தால் தமனி. எடுத்துவிட்டு ஐந்து நிமிடமாவது அழுத்திப் பிடித்திருங்கள், நோயாளியின் கையை நம்பி விட்டுவிடாதீர்கள்.

• இரண்டு தடவைக்கு மேல் முயற்சி செய்யாதீர்கள். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். இதில் கௌரவம் பார்ப்பவரால் நோயாளியின் இரண்டு கையும் கருத்துப்போகும். சீனியர்களிடமும் இந்தப் பழக்கம் இருக்கிறது, சொல்லப்போனால் அவர்களிடம்தான் அதிகம்.

எடுத்து முடித்ததும் காய்ந்த பஞ்சை வைத்து, கையை நீட்டியபடியே இரண்டு மூன்று நிமிடம் அழுத்தச் சொல்லுங்கள். முழங்கையை மடக்கிக்கொள்ளச் சொல்வதுதான் நம் ஊரில் வழக்கம். மடக்கினால் துளை சரியாக மூடாது, உள்ளே கசிந்து நீலம் பாயும். தேய்க்கவும் கூடாது.

குழாய்கள்

ஜோசப் க்ளைனர் என்பவர் வெற்றிடக் குழாய்க்கு 1949-இல் காப்புரிமை பெற்றார். மூடியைக் குத்தியதும் தேவையான அளவு ரத்தத்தை அதுவே இழுத்துக்கொள்ளும். அழகான ஏற்பாடு. நாம் என்ன செய்கிறோம் என்றால் சிரிஞ்சில் எடுத்து, மூடியைத் திறந்து, ஊசி வழியாகவே பீய்ச்சுகிறோம். ஊசி வழியாக அழுத்திப் பீய்ச்சினால் சிவப்பணு உடைந்துவிடும். பொட்டாசியம், எல்டிஹெச் எல்லாம் பொய்யாக ஏறும். சிரிஞ்சில்தான் எடுக்க வேண்டிய நிலை என்றால், மெதுவாக இழுங்கள். பிறகு ஊசியைப் பாதுகாப்பாகக் கழற்றிப் போட்டுவிட்டு, குழாயின் உட்சுவரில் வழிந்து இறங்கும்படி மெல்ல விடுங்கள். குழாய் ஸ்டாண்டில் இருக்கட்டும், இடது கையில் வேண்டாம்.

நிரப்பும் வரிசை இது: பிளட் கல்ச்சர் பாட்டில் முதலில். அடுத்து வெளிர் நீல மூடி, பிறகு சிவப்பு அல்லது மஞ்சள், அதன்பின் பச்சை, அப்புறம் ஊதா, கடைசியில் சாம்பல். மனப்பாடம் செய்யுங்கள், சுவரிலும் ஒட்டுங்கள். காரணம் தெரிந்தால் மறக்காது. ஊதா மூடிக் குழாயில் இருக்கும் இடிடிஏ ஒரு பொட்டாசியம் உப்பு. அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் ரத்தம் உறைவதில்லை. அதில் துளி அடுத்த குழாய்க்குப் போனாலும் பொட்டாசியம் ஏறி, கால்சியம் இறங்கும்.

துளிக்கே இப்படி. சிலர் ஊற்றவே செய்கிறார்கள்! மஞ்சள் மூடிக் குழாயில் ரத்தம் போதவில்லை, ஊதாவில் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, எல்லாம் ஒரே ஆளுடைய ரத்தம்தானே என்று அதிலிருந்து இதில் சாய்த்துவிடுவது. பொட்டாசியம் 9-க்கு மேல், கால்சியம் 3 என்று முடிவு வரும். அந்த எண்கள் உண்மையாக இருந்தால் நோயாளி எழுந்து உட்கார்ந்து காபி கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்கு ரத்தத்தை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள்.

வெளிர் நீல மூடியில் கோடு வரைக்கும் நிரப்புங்கள். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. பாதியில் நிறுத்தினால் ரத்தம் உறையும் நேரம் நீண்டது போலத் தெரியும். பட்டாம்பூச்சி ஊசியில் எடுத்தால் அதன் வால் குழலில் இருக்கும் காற்றும் சேர்ந்து போகும், அதனால் முதலில் ஒரு வெற்றுக் குழாயைக் காட்டிவிட்டு அப்புறம் நீலத்தை மாட்டுங்கள். இஎஸ்ஆர் பார்க்கும் கறுப்பு மூடியின் கணக்கு வேறு: நாலுக்கு ஒன்று.

குழாயைக் கலக்குவது பற்றிச் சொல்ல, அக்டோபர், நவம்பர் மாதங்களை எடுத்துக்கொள்வோம். மழை பிடித்து டெங்கு ஏறும் நேரம். வார்டில் இருக்கும் ஒவ்வொரு குடும்பமும் தட்டணு எண்ணிக்கையை கிரிக்கெட் ஸ்கோர் போலக் கேட்டுக்கொண்டிருக்கும். நேற்று 1,40,000 இருந்த பையனுக்கு இன்று காலை 32,000 என்று வருகிறது. உடம்பில் சிவப்புப் புள்ளி இல்லை, ஈறில் ரத்தம் இல்லை, பையன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அப்பா மட்டும் ரத்த வங்கிக்கு ஓடிக்கொண்டிருக்கிறார். இப்படி வந்தால் முதலில் செய்ய வேண்டியது, அந்த ஊதா மூடிக் குழாயை எடுத்து, ஒரு மரக்குச்சியை உள்ளே விட்டு மெல்லச் சுழற்றிப் பார்ப்பது. குச்சி நுனியில் ஜவ்வரிசி அளவுக்கு ஒரு கட்டி ஒட்டிக்கொண்டு வரும். தட்டணுக்கள் எல்லாம் அந்தக் கட்டிக்குள் சிக்கிக் கிடக்கின்றன, மீதி இருந்ததைத்தான் இயந்திரம் எண்ணியிருக்கிறது. ரத்தம் எடுத்தவர் குழாயைக் கவிழ்த்து நிமிர்த்தாமல் ஸ்டாண்டில் செருகிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார், அவ்வளவுதான் நடந்தது. கட்டி இல்லாவிட்டாலும் சிலருடைய தட்டணுக்கள் இடிடிஏ பட்டாலே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் எண் திடீரென்று விழுந்தால் கண்ணாடிச் சில்லில் ரத்தத்தைத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் முடிவை வெளியே விட வேண்டும்.

ஆகவே ஊதா, பச்சை, சாம்பல் மூடிகளை எட்டு முதல் பத்து தடவை, நீலத்தை மூன்று நாலு தடவை, சிவப்பு மஞ்சளை ஐந்து தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்காதீர்கள். சிவப்பு, மஞ்சள் மூடியுள்ள சீரம் குழாயை அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்து, நன்றாக உறைந்த பிறகு இயந்திரத்தில் சுழற்றுங்கள்.

பிளட் கல்ச்சர் எடுப்பதற்குச் சுத்தம் இன்னும் ஒரு படி மேலே. முடிந்தவரை ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன், இரண்டு வெவ்வேறு இடங்களில், பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. பாட்டிலின் ரப்பர் மூடியையும் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டால் அடியில் இருக்கும் ரப்பர் சுத்தமாகத்தான் இருக்கும் என்று நினைப்பது தப்பு. தோலில் வாழும் கிருமி உள்ளே போனால், இல்லாத நோய்க்கு நோயாளி ஒரு வாரம் மருந்து ஏற்றிக்கொள்வார்.

ஊசியைப் போடும் இடம்

• மூடியை மறுபடி மாட்டாதீர்கள். ஊசிக் குத்துகளில் பலவும் இந்த ஒரு செயலில்தான் நடக்கின்றன. வேறு வழியே இல்லாத நிலையில் மூடியை மேசையில் கிடத்தி, ஒற்றைக் கையால் ஊசியை அதற்குள் நுழைத்து எடுங்கள். இன்னொரு கை பின்னால் இருக்கட்டும்.

• ஊசி போகும் டப்பா கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். குத்துவதற்கு முன்பே அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசியைக் கையில் பிடித்தபடி வார்டின் நீளத்துக்கு நடப்பவரைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்கும். மெத்தையில் செருகி வைப்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

• 2016-இன் மருத்துவக் கழிவு விதிப்படி ஊசிக்கு வெள்ளை நிற, துளைபடாத டப்பா. முக்கால் பங்கு நிரம்பினால் மாற்றிவிடுங்கள், அமுக்கி இடம் பண்ணாதீர்கள். ஊசி இல்லாத சிரிஞ்சு, கையுறை, பிளாஸ்டிக் குழாய் சிவப்பில். ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சளில். கண்ணாடி நீலத்தில். கூடையில் தப்பாகப் போட்ட ஊசி உங்களைக் குத்தாது. மறுநாள் காலையில் பையைக் கட்டித் தூக்கும் துப்புரவுப் பணியாளர் அக்காவின் காலில்தான் குத்தும்.

• ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியையோ சிரிஞ்சையோ இன்னொருவருக்குப் பயன்படுத்துவது பற்றி எழுத வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது. ஆனால் குஜராத்தின் மொடாசாவில் 2009-இல் ஹெபடைட்டிஸ் பி பரவிப் பலர் இறந்ததற்கும், பாகிஸ்தானின் ரத்தோடெரோவில் 2019-இல் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு ஹெச்ஐவி தொற்றியதற்கும் மறுபடி பயன்படுத்திய சிரிஞ்சுகள் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டன. ஊசியை மட்டும் மாற்றி சிரிஞ்சை வைத்துக்கொண்டாலும் அதே ஆபத்துதான்.

• ரத்தம் கீழே சிந்தினால் உடனே மாப் போடச் சொல்லாதீர்கள். காகிதமோ துணியோ போட்டு மூடி, ஒரு சதவீத ஹைப்போகுளோரைட் ஊற்றி, பத்து நிமிடமாவது விட்டுப் பிறகு எடுங்கள். ஹெபடைட்டிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் வரைக்கும் தாக்குப்பிடிக்கும்.

உங்களுக்கே குத்திவிட்டால்

ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், விரலை வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள், ஸ்பிரிட், ப்ளீச், டெட்டால் எதுவும் ஊற்றாதீர்கள். வாயில் வைப்பது குழந்தைப் பருவத்திலிருந்து வந்த அனிச்சைப் பழக்கம் என்பதால் படித்தவர்களும் செய்துவிடுகிறார்கள்.

பிறகு உடனே சொல்லுங்கள். சூப்பர்வைசர் திட்டுவார் என்றோ, வேலை போய்விடும் என்றோ மறைப்பவர்கள் உண்டு. மறைத்தால் போவது நேரம். ஹெச்ஐவி தடுப்பு மாத்திரையை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனைகளின் ஏஆர்டி (ஹெச்ஐவி சிகிச்சை) மையங்களில் கேளுங்கள். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு நூறுக்கு 30 வரை, சி என்றால் சுமார் 3, ஹெச்ஐவி 0.3 என்று பாடத்தில் சொல்லித்தருவார்கள். எல்லோரும் பயப்படுவது கடைசி எண்ணுக்கு. முதல் எண்ணுக்கு மூன்று தவணை ஊசி இருக்கிறது: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். மூன்றாவதைப் போட்டு ஒன்று இரண்டு மாதத்தில் ஆன்டிபாடி அளவு 10-க்கு மேல் வந்ததா என்று பார்த்துவிடுங்கள். தனியார் லேபில் வேலைக்குச் சேரும்போது சம்பளத்தைக் கேட்பது போல இதையும் கேட்டுப் பெறுங்கள்.

குழந்தைகள்

நடக்கத் தொடங்காத குழந்தைக்குக் குதிகாலின் பக்கவாட்டில் குத்தலாம். நடுக் குதிகாலில் கூடாது, எலும்பு பக்கத்தில் இருக்கிறது. ஆழம் 2.4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. முதல் துளியைத் துடைத்துவிடுங்கள். பிழிந்து எடுக்காதீர்கள். பெரிய குழந்தைக்கு நடுவிரல் அல்லது மோதிர விரலில், நுனியின் ஓரமாக.

மூன்று கிலோ பச்சைக் குழந்தையின் உடம்பில் இருக்கும் ரத்தமே சுமார் 240 மில்லிதான். "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஒரு குழாய் கூடுதலாக எடுக்கும் பழக்கம் இங்கே கூடாது.

"வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்லாதீர்கள். "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும் பாப்பா, பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றால் போதும். அம்மாவின் மடியில் உட்கார வைத்து எடுங்கள். அம்மாக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வீட்டில் சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தையிடம் "ஊசி போடச் சொல்லிடுவேன்" என்று மிரட்டாதீர்கள். அந்த மிரட்டலின் பலனை நாங்கள்தான் இங்கே அனுபவிக்கிறோம்.

கை நீட்டுபவர்களுக்கு

• வெறும் வயிறு என்றால் காபியும் கிடையாது. சர்க்கரை போடாத காபியும் காபிதான். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், குடித்தால் நாளமும் நன்றாகத் தெரியும்.

• சாப்பிட்ட பின் பார்க்கும் சர்க்கரைக்கு, சாப்பிடத் தொடங்கியதிலிருந்து இரண்டு மணி நேரம். வழக்கமாகச் சாப்பிடும் அளவைச் சாப்பிடுங்கள். பரிசோதனை நாளன்று மட்டும் ஒரு இட்லியோடு எழுந்துவிட்டால் ஏமாறுவது டாக்டர் இல்லை, நீங்கள்தான்.

• முடி வளர்வதற்கு பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் சொல்லிவிடுங்கள். சில வகைக் கருவிகளில் தைராய்டு முடிவை அது புரட்டிப் போடும்.

• ஊசியை உங்கள் கண் முன்னால் புதிதாகப் பிரித்தார்களா, கையைச் சுத்தம் செய்தார்களா, குழாயில் உங்கள் பெயரை எழுதினார்களா என்று பாருங்கள். இல்லை என்றால் கேளுங்கள். நல்ல டெக்னீஷியன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டுக்கு வந்து எடுப்பவர்கள்

இப்போது பாதி வேலை இரு சக்கர வண்டியில்தான் நடக்கிறது. மே மாத வெயிலில், பெட்ரோல் டேங்க் மேல் வைத்த பையில், எட்டு வீட்டு ரத்தம் மதியம் வரைக்கும் சுற்றும். பிரிக்காத ரத்தத்தில் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண அறை வெப்பத்திலேயே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும், வெயிலில் இன்னும் வேகமாக. சர்க்கரைக்குச் சாம்பல் மூடிக் குழாயில் எடுங்கள். அதிலுள்ள ஃப்ளூரைடும் உடனே வேலையைத் தொடங்குவதில்லை, முதல் ஒரு மணி நேரத்தில் சற்று இறங்கத்தான் செய்யும். வெப்பம் தாங்கும் பெட்டியில், ஜெல் பேக் வைத்து, அதற்கும் குழாய்க்கும் நடுவில் துணியோ அட்டையோ தடுப்பு வையுங்கள். குழாய் பனிக்கட்டியில் நேராகப் பட்டால் அணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும், அதுவும் ஒரு பொய் எண். குழாய்கள் நின்றபடி வரட்டும். பயன்படுத்திய ஊசிகளுக்குத் தனியாக ஒரு சிறிய, கெட்டியான டப்பா வண்டியிலேயே இருக்க வேண்டும். நோயாளியின் வீட்டுக் குப்பைத் தொட்டியில் எதையும் விட்டுவிட்டு வராதீர்கள், பஞ்சைக்கூட. கடைசி வீட்டில் எடுத்து முடித்த பிறகு லேபுக்குப் போகலாம் என்று இல்லாமல், முதல் குழாய் எடுத்த நேரத்திலிருந்து கணக்குப் போட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு தடவை இறக்கிவிட்டு வந்து மீதி வீடுகளைப் பாருங்கள்.